ஐசியூவில் நுரையீரலைக் கண்காணித்தல்: அல்ட்ராசவுண்ட் எதுவரை, சிடி எப்போது

காலையில் எஃப்ஐஓ2 (உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு) 0.5-இல் நிதானமாக இருந்த வென்டிலேட்டர் நோயாளிக்கு மாலையில் 0.8 தேவைப்படுகிறது. காலைக்கும் மாலைக்கும் நடுவில் நுரையீரலில் என்ன மாறியது என்பது கேள்வி என்றால், கட்டிலை நகர்த்தாமல் பதினைந்து நிமிடத்தில் அல்ட்ராசவுண்ட் பதில் சொல்லிவிடும். ஆன்டிபயாடிக் தொடங்கி ஆறு நாளாகியும் காய்ச்சல் விடவில்லை, உள்ளே எங்காவது சீழ்க்கட்டி இருக்கிறதா என்பது கேள்வி என்றால், பத்து முறை ப்ரோப் (அல்ட்ராசவுண்டின் கைக்கருவி) வைத்தாலும் 'இல்லை' என்று சத்தியம் செய்ய முடியாது. அதற்கு சிடிதான்.

காரணம் எளிது. காற்று ஒலியலையை உள்ளே விடாமல் திருப்பி அடித்துவிடும். காற்று நிறைந்த நுரையீரலில், அதைப் போர்த்தியிருக்கும் ப்ளூரா என்ற சவ்வு வரைதான் உண்மையான படம். அதற்குக் கீழே திரையில் தெரிவதெல்லாம் எதிரொலியின் கோலம். நீரோ சளியோ காற்றை இடம்பெயர்த்து ப்ளூராவைத் தொட்டால்தான் ஒலி உள்ளே போகும். ஐசியூ நோயாளிகளில் பெரும்பாலான கன்சாலிடேஷன்கள் (காற்று போய்த் திடமாகிவிட்ட பகுதிகள்) ப்ளூராவைத் தொட்டுக்கொண்டிருப்பதால் இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. தொடாமல் நடுவில் இருப்பவை தப்பிவிடும்.

டேனியல் லிஷ்டன்ஸ்டைன் குழு 2004-இல் 32 ஏஆர்டிஎஸ் (அழற்சியால் நுரையீரல் திடீரெனச் செயலிழக்கும் நிலை) நோயாளிகளை சிடியோடு ஒப்பிட்டு வெளியிட்ட கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ப்ளூரல் நீரைச் சரியாகக் கண்டறிவதில் அல்ட்ராசவுண்ட் 93 சதவீதம், படுக்கையில் எடுத்த எக்ஸ்-ரே 47, ஸ்டெதஸ்கோப் 61. கன்சாலிடேஷனில் முறையே 97, 75, 36. அந்த எண்கள் கைதேர்ந்தவர்களின் எண்கள் என்பதை மறக்கக் கூடாது. மேற்பார்வையில் 25 நோயாளிகளுக்காவது முழு ஸ்கேன் செய்தபின் தனியாக ஸ்கோர் (கீழே வரும் மதிப்பெண்) எழுதத் தொடங்குவது நியாயமான அளவு.

மெஷினைத் தயார் செய்வது

அன்றாடக் கண்காணிப்புக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கான்வெக்ஸ் (முகப்பு வளைந்த) ப்ரோப் போதும். ப்ளூரல் கோட்டின் (திரையில் ப்ளூரா தெரியும் கோடு) நுணுக்கம், வழுக்கல் (மூச்சோடு ப்ளூரா நகர்வது), மெல்லிய நோயாளி என்றால் லீனியர் (முகப்பு தட்டையான) ப்ரோப். எக்கோவுக்கு வைத்திருக்கும் ஃபேஸ்டு அர்ரே ப்ரோப்பை அவசரத்தில் பயன்படுத்தலாம்; ஆனால் அதன் மேல்பகுதிப் படம் மங்கல். ப்ளூரல் கோட்டின் ஒழுங்கின்மையை அதில் படிக்க முயலாதீர்கள். முக்கியமானது, ஒரு நோயாளிக்கு முதல் நாள் எந்த ப்ரோப்போ அதுவே கடைசி நாள் வரை.

ஹார்மோனிக்ஸ், காம்பவுண்ட் இமேஜிங் இரண்டையும் அணையுங்கள். படத்தை அழகாக்க வைத்திருக்கும் இந்த வசதிகள் கோலங்களை அழிப்பவை. நமக்கு வேண்டியதே அந்தக் கோலங்கள்தான். நேற்று காம்பவுண்டை அணைத்து எண்ணி, இன்று மறந்து போட்டுவிட்டு எண்ணினால் பி-லைன் (ப்ளூராவிலிருந்து கீழிறங்கும் வெள்ளைக் கோடு) 'குறைந்திருக்கும்'. நோயாளி தேறியதாக எழுதிவிடுவோம்.

ஆழத்தை கான்வெக்ஸில் முதலில் 12 முதல் 15 செ.மீ. வைத்து, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான டயாஃப்ரத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு முன்பக்க இடங்களுக்கு 8 முதல் 10 செ.மீ.க்குக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் ஏ-லைன் (ப்ளூரல் கோட்டின் எதிரொலியாகக் குறுக்கே விழும் கோடு) திரைக்கு வெளியே போய்விடும். பி-லைன் அடிவரை ஓடுகிறதா, நடுவில் தேய்கிறதா என்றும் தெரியாது. ஃபோகஸ் ப்ளூரல் கோட்டில் இருக்கட்டும். வைத்த ஆழத்தைப் பதிவில் எழுதுங்கள்.

ஜெல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெரிய பாட்டிலில் இருந்து சிறிய பாட்டிலுக்கு நிரப்பிப் பயன்படுத்தும் ஜெல்லால் பர்க்கோல்டீரியா செப்பேசியா என்ற பாக்டீரியாத் தொற்று பரவிய சம்பவங்கள் உண்டு. காயம், ட்ரெயின் (வடிகுழாய்), சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் போகும் குழாய்) அருகே ஸ்டெரைல் பாக்கெட் ஜெல் மட்டுமே. முடிந்ததும் முதலில் ஜெல்லைத் துடைத்தெடுத்துவிட்டுப் பிறகு கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். ஜெல் படிந்திருந்தால் கிருமிநாசினி ப்ரோப்பைத் தொடவே தொடாது. கிருமிநாசினி தானாக உலரும் வரை காத்திருப்பதும் வேலையில் சேர்த்திதான். ஒயரையும் மறக்காதீர்கள், கட்டில் கம்பியில் உரசிக்கொண்டே வருவது அதுதான்.

பன்னிரண்டு இடங்கள்

ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரியுங்கள். மார்பெலும்பிலிருந்து முன் அக்குள் கோடு வரை முன்பக்கம், அங்கிருந்து பின் அக்குள் கோடு வரை பக்கவாட்டு, அதற்குப் பின்னால் பின்பக்கம். மூன்றையும் மேல், கீழ் என வெட்டினால் ஒரு பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு.

1. தலைப்பக்க உயரத்தை முடிவு செய்து எழுதுங்கள். நேற்று 30 டிகிரி என்றால் இன்றும் 30. நேற்று கவிழ்த்துப் படுக்க வைத்திருந்தபோது எடுத்த ஸ்கோரை இன்று மல்லாந்த நிலை ஸ்கோரோடு ஒப்பிடவே கூடாது.

2. முதலில் டயாஃப்ரம். வலப்பக்கம் கல்லீரல், இடப்பக்கம் மண்ணீரல் தெரியும் வரை ப்ரோப்பை இறக்கி, டயாஃப்ரத்தை அடையாளம் கண்டு, அதற்கு மேலே வாருங்கள். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் கல்லீரலைக் கன்சாலிடேஷன் என்று எழுதுவார்கள்.

3. ப்ரோப்பை முதலில் விலா எலும்புகளுக்குக் குறுக்கே, தலை-கால் திசையில் வையுங்கள். இரண்டு விலா நிழல்கள், அவற்றின் நடுவே சற்றுக் கீழே, பெரியவர்களில் ஏறத்தாழ அரை செ.மீ. ஆழத்தில், பளிச்சென்ற ப்ளூரல் கோடு. இது கிடைத்தால் நீங்கள் பார்ப்பது நுரையீரலைத்தான். பிறகு ப்ரோப்பைச் சுழற்றி விலா இடைவெளிக்கு இணையாகப் படுக்க வைத்தால் ப்ளூரா நீளமாகத் தெரியும். ஸ்கோருக்கு இந்தத் திசையே நல்லது.

4. ஒலிக்கற்றை ப்ளூராவில் செங்குத்தாக விழ வேண்டும். ப்ளூரல் கோடு மங்கலாக இருந்தால் கெயினை (படத்தின் பிரகாசம்) கூட்டும் முன் கையைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். ஏ-லைன் இல்லாமல் இருட்டாகத் தெரிவது பெரும்பாலும் கோணப் பிழை.

5. ஒவ்வொரு இடத்திலும் ஒரு முழு மூச்சு, அல்லது 6 விநாடி கிளிப். அந்தப் பகுதியில் தெரிந்த மிக மோசமான கோலத்துக்கே மதிப்பெண்.

பின்பக்க நான்கு இடங்களை விட்டுவிடுவதுதான் எங்கும் நடக்கும் சோம்பல். மல்லாந்து கிடப்பவரின் நீரும் சுருங்கிய நுரையீரலும் புவியீர்ப்பால் அங்கேதான் போய்ச் சேரும். செவிலியர் ஒருவர் தோளைச் சற்று இழுத்துப் பிடித்தால், ப்ரோப்பை மெத்தைக்குள் அழுத்தி, முகப்பை மேல்நோக்கித் திருப்பிப் பார்த்துவிடலாம். முழுதாகப் புரட்ட வேண்டிய அவசியமில்லை. பார்க்க முடியாத இடம் என்றால் 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். 0 என்று எழுதினால் அது பொய்.

எதை எண்ணுவது, எப்படி எழுதுவது

பி-லைன் என்று சொல்ல ஐந்து நிபந்தனை: ப்ளூரல் கோட்டிலிருந்தே தொடங்க வேண்டும், லேசர் போல நேர்கீழாக இறங்க வேண்டும், திரையின் அடிவரை மங்காமல் போக வேண்டும், குறுக்கே வரும் ஏ-லைனை அழிக்க வேண்டும், வழுக்கலோடு சேர்ந்து அசைய வேண்டும். ப்ளூராவில் தொடங்கிச் சில செ.மீ.யில் தேய்ந்து போகும் குட்டைக் கோடுகள் இசட்-லைன், அவற்றுக்கு மதிப்பில்லை. விலா எலும்பே தெரியாமல், தோலடித் திசுவிலிருந்தே கோடுகள் பாய்ந்தால் அது தோலுக்கடியில் புகுந்த காற்று. அந்த இடத்தில் நுரையீரலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

மதிப்பெண் இப்படி: ஏ-லைன், அல்லது பி-லைன் இரண்டுக்கு மேல் இல்லை என்றால் 0. மூன்று அல்லது அதற்கு மேல், தனித்தனியாகத் தெரிந்தால் 1. ஒன்றோடொன்று ஒட்டி வெள்ளைத் திரையாக விழுந்தால் 2. கல்லீரல் போன்ற திசுவாகவே தெரிந்தால் 3. ஆக, 0 முதல் 36 வரை. 1-க்கும் 2-க்கும் நடுவே தகராறு வரும். தெரியும் ப்ளூராவில் பாதிக்கு மேல் கோலங்கள் பிடித்துக்கொண்டால் 2, பாதி வரை என்றால் 1 என்ற திருத்தப்பட்ட விதியை வைத்துக்கொண்டால் இரண்டு பேர் எழுதும் எண் ஒத்துப்போகும்.

மொத்த எண்ணை மட்டும் குறிப்பதில் ஆபத்து இருக்கிறது. நேற்று 17, இன்று 17. வலது பின்பக்கத்தில் 3 இருந்தது 1 ஆகியிருக்கலாம், இடது முன்பக்கத்தில் 0 இருந்தது 2 ஆகியிருக்கலாம். கூட்டினால் மாற்றமில்லை, பார்த்தால் புதிய நிமோனியா. ஆகவே பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரு தாளைக் கட்டிலருகே தொங்கவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணை எழுதுங்கள்.

சிகிச்சையின் பலனை அளக்க, மாற்றத்துக்கு மதிப்பெண் போடும் முறை கூடுதல் பயன் தரும். ஒரு படி மேம்பட்டால் +1. இரண்டு படி என்றால் +3. கன்சாலிடேஷனிலிருந்து நேராக இயல்புக்கு வந்தால் +5. மோசமானால் அதே எண்கள் மைனஸில். வென்டிலேட்டர் நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து ஏழு நாள் இடைவெளியில் சிடியோடு ஒப்பிட்டபோது, இந்தக் கூட்டுத்தொகை +5-ஐத் தாண்டியவர்களுக்கு 400 மி.லி.க்கு மேல் காற்று திரும்பியிருந்தது; -10-க்குக் கீழே போனவர்களுக்கு அதே அளவு காற்று போயிருந்தது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டுமே சிடிக்கு அனுப்பும் பழக்கத்தை இந்தக் கணக்கு கணிசமாகக் குறைத்துவிடும்.

மூச்சுக்குழல் ட்யூபை எடுக்கும் நாளிலும் இந்த ஸ்கோர் உதவும். தானாக மூச்சு விடும் சோதனையின் முடிவில் 13-க்குக் கீழே என்றால் பிறகு மூச்சுத்திணறல் வர வாய்ப்பு குறைவு. 17-க்கு மேல் என்றால் அதிகம். நடுவில் இருப்பவர்களுக்கு ஸ்கோர் தீர்ப்புச் சொல்லாது. இருமல், சளி, இதயம், டயாஃப்ரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

வெள்ளைத் திரை தெரிகிறது: நீரா, ஏஆர்டிஎஸ்ஸா?

பி-லைன் நுரையீரலில் காற்று குறைந்து திரவம் கூடியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஏன் என்று சொல்லாது. இதயச் செயலிழப்பின் நீர் என்றால் இரு பக்கமும் சமமாக, ப்ளூரல் கோடு மெல்லியதாக, வழுக்கல் நன்றாக இருக்கும். டையூரெட்டிக் (சிறுநீர் பெருக்கும் மருந்து) அல்லது டயாலிசிஸுக்குப் பின் சில மணி நேரத்திலேயே குறையும். ஏஆர்டிஎஸ்ஸில் ஒரு இடம் வெள்ளை, பக்கத்து இடம் சுத்தம் என்று திட்டுத்திட்டாக இருக்கும், ப்ளூரல் கோடு தடித்து, கடித்துத் துப்பியதுபோல ஓரம் சிதைந்திருக்கும், அதற்கடியில் சிறு கன்சாலிடேஷன்கள் இருக்கும், வழுக்கல் குறைந்திருக்கும். இதயத்தையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். ஏஆர்டிஎஸ்ஸின் 2023-ஆம் ஆண்டு உலகளாவிய வரையறை, இரு பக்க மாற்றத்தைக் காட்ட எக்ஸ்-ரே, சிடியோடு அல்ட்ராசவுண்டையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கன்சாலிடேஷனுக்குள் வெள்ளைப் புள்ளிகளோ கிளைகளோ தெரிந்தால் அவை மூச்சுக்குழலில் இருக்கும் காற்று. மூச்சை உள்ளே இழுக்கும்போது அவை ஓரம் நோக்கி ஓடினால் குழல் திறந்திருக்கிறது. நிமோனியாவுக்குச் சாதகமான சாட்சி. அசையாமல் நின்றால் அடைப்பால் சுருங்கியிருக்க வாய்ப்பு. சளியை உறிஞ்சி, தேவைப்பட்டால் ப்ராங்கோஸ்கோப்பி (குழலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து, மறுபடி பாருங்கள். அசையாததெல்லாம் நிமோனியா அல்ல என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது.

நியூமோதோரக்ஸ்: வழுக்கல் இல்லை என்பது மட்டும் போதாது

நியூமோதோரக்ஸ் என்பது நுரையீரலுக்கும் மார்புச்சுவருக்கும் இடையே காற்று புகுவது. மல்லாந்தவரில் அந்தக் காற்று மார்பின் மிக உயரமான இடத்தில் சேரும். ஆகவே இரண்டாவது முதல் நான்காவது விலா இடைவெளி வரை, முன்பக்கம். வழுக்கல் தெரிந்தால் அந்த இடத்தில் நியூமோதோரக்ஸ் இல்லை. ஒரே ஒரு உண்மையான பி-லைன் தெரிந்தாலும் இல்லை. இதயத்துடிப்புக்கு ஏற்ப ப்ளூரா துள்ளினாலும் இல்லை.

வழுக்கல் தெரியவில்லை என்றால் அவசரப்பட்டு ட்ரெயின் போடாதீர்கள். ட்யூப் வலது மூச்சுக்குழலுக்குள் இறங்கியிருந்தால் இடப்பக்கம் வழுக்காது. ஆனால் இதயத் துள்ளல் தெரியும், ட்யூபைச் சற்று இழுத்தால் வழுக்கல் திரும்பும். முன்பே ப்ளூரா ஒட்டியிருந்தாலும், கடுமையான ஏஆர்டிஎஸ்ஸிலும், பெரிய புல்லா (நுரையீரலில் காற்றுப் பை) இருந்தாலும் வழுக்காது. எம்-மோடில் (ஒரே கோட்டின் அசைவை நேரத்தோடு வரையும் முறை) மணல் போன்ற பரப்பு போய் பார்கோடு வந்தாலும் அதே எச்சரிக்கைதான்.

உறுதி செய்வது லங் பாயின்ட். ப்ரோப்பை மெல்ல பக்கவாட்டுக்கு நகர்த்திக்கொண்டே போனால், ஒரே சட்டத்துக்குள் வழுக்கும் பாதியும் வழுக்காத பாதியும் மூச்சுக்கு மூச்சு இடம் மாறும். அதுதான் நுரையீரல் சுவரைத் தொடும் எல்லை. இதயத்தின் ஓரத்திலும் டயாஃப்ரத்தின் ஓரத்திலும் இதேபோல் ஒன்று தெரியும். அது உடல் அமைப்பு, ஏமாந்துவிடாதீர்கள். நுரையீரல் முழுதும் சுருங்கிவிட்டால் லங் பாயின்ட் எங்குமே கிடைக்காது. நோயாளி நிலையாக இருந்து சந்தேகம் தீரவில்லை என்றால் சிடி. ரத்த அழுத்தம் சரிந்து, மூச்சுப்பாதை அழுத்தம் ஏறி, டென்ஷன் நியூமோதோரக்ஸ் (அடைபட்ட காற்று இதயத்தை நெருக்குவது) என்று படுக்கையருகே தெளிவாகத் தெரிந்தால் எந்தப் படத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

ப்ளூரல் நீரின் அளவு

மல்லாந்த நிலை, உடல் 15 டிகிரி உயர்வு, பின் அக்குள் கோட்டில் நுரையீரலின் அடிப்பகுதி, ப்ரோப் குறுக்குவாட்டில். மூச்சு வெளியேறி முடிந்த கணத்தில் மார்புச்சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையே மிக அதிகமான தூரத்தை மி.மீ.இல் அளந்து 20-ஆல் பெருக்கினால் மி.லி. கிடைக்கும். 25 மி.மீ. என்றால் ஏறத்தாழ 500 மி.லி. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்காக வந்த சூத்திரம் இது. உட்கார்ந்திருப்பவருக்கு ஒத்து வராது. அறைகள் பிரிந்த நீருக்கும் ஒத்து வராது. சாய்த்துப் பிடித்து அளந்தால் எண் பெருகிவிடும். நீரை எடுப்பதா என்பதை இந்த எண் முடிவு செய்யாது. எடுத்தபின் எவ்வளவு மீந்திருக்கிறது என்று பார்க்கத்தான் இது நல்ல கருவி.

பீப் விஷயத்தில் அல்ட்ராசவுண்ட் பாதி உண்மைதான் சொல்லும்

பீப்பை (மூச்சு வெளியேறிய பின்னும் வென்டிலேட்டர் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தம்) கூட்டியபின் ஸ்கோர் குறைந்தால் 'நுரையீரல் திறந்துவிட்டது' என்று சொல்லத் தோன்றும். மூடியிருந்த பகுதி திறந்ததா, ஏற்கெனவே ஓரளவு காற்றிருந்த பகுதியில் இன்னும் காற்று ஏறியதா என்று அல்ட்ராசவுண்ட் பிரித்துச் சொல்லாது. சிடியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இந்த இடத்தில்தான் இரண்டும் பிரிந்து போயின. அதைவிடப் பெரிய குறை, அளவுக்கு மீறி ஊதிய நுரையீரலும் இயல்பான நுரையீரலும் திரையில் ஒன்றே: ஏ-லைன், வழுக்கல், ஸ்கோர் 0.

ஆகவே ஸ்கோர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பீப்பை ஏற்றிக்கொண்டு போவது தவறான வழி. கூடவே பிளாட்டோ பிரஷர் (மூச்சு உள்ளே நிற்கும்போது உள்ள அழுத்தம்), டிரைவிங் பிரஷர் (அதிலிருந்து பீப்பைக் கழித்தது), ரத்த அழுத்தம் மூன்றையும் எழுதுங்கள். ஸ்கோர் குறைந்து டிரைவிங் பிரஷரும் குறைந்தால் திறந்திருக்கிறது என்று நம்பலாம். ஸ்கோர் குறைந்து டிரைவிங் பிரஷர் ஏறினால் எங்கோ நுரையீரல் அளவுக்கு மீறி ஊதுகிறது. உள்ளதை உள்ளபடி பார்க்க சிடி வேண்டும்.

சிடிக்கு அனுப்பும் முன்

சிடியிடம் மட்டுமே கேட்க வேண்டிய கேள்விகள் சில: நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, சீழ்க்கட்டி அல்லது குழி, மீடியாஸ்டினம் (இரு நுரையீரல்களுக்கு நடுவிலுள்ள பகுதி), அறைபிரிந்த நியூமோதோரக்ஸ், ட்ரெயின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது, பழைய ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பு), அளவுக்கு மீறி ஊதல். அல்ட்ராசவுண்ட் சுத்தமாக இருக்க ஆக்சிஜன் மட்டும் இறங்கிக்கொண்டே போவதும் வலுவான காரணம். முதலில் கால் சிரைகளையும் இதயத்தின் வலப்பக்கத்தையும் அதே ப்ரோப் வண்டியில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். தோலடிக் காற்று, பெரிய கட்டுகள், அதிக உடல்பருமன் காரணமாக அல்ட்ராசவுண்ட் ஜன்னலே இல்லை என்றாலும் சிடிதான்.

விலை கதிர்வீச்சு மட்டுமல்ல. வழக்கமான மார்பு சிடி சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட். உலக சராசரி இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4. உயிருக்குப் போராடும் நோயாளிக்கு அதைவிடப் பெரிய செலவு பயணம். பதிவுத் தாளில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: 'சிடியில் இது வந்தால் இதைச் செய்வோம், வராவிட்டால் அதைச் செய்வோம்.' இரண்டு பாதியிலும் ஒரே சிகிச்சைதான் எழுத வருகிறது என்றால் போகாதீர்கள்.

போவது என்று முடிவானால்:

ஆக்சிஜன் கணக்கு முதலில். சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு லிட்டரில், அழுத்தம் பாரில். இரண்டையும் பெருக்கினால் லிட்டர் கணக்கில் ஆக்சிஜன். 5 லிட்டர் சிலிண்டர் 130 பாரில் இருந்தால் 650 லிட்டர். எஃப்ஐஓ2 1.0, நிமிடத்துக்கு 10 லிட்டர் சுவாசம், வென்டிலேட்டர் தன் தேவைக்கு 2 லிட்டர் என்று வைத்தால் நிமிடத்துக்கு 12. 54 நிமிடம் வரும். போய்வர 40 நிமிடம் என்று நினைத்தால் 80 நிமிடத்துக்கு எடுத்துப் போங்கள், அதாவது 960 லிட்டர். இன்னொரு சிலிண்டர் வேண்டும். ஹை-ஃப்ளோவில் (மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் முறை) நிமிடத்துக்கு 60 லிட்டர் 100 சதவீத ஆக்சிஜன் ஓடினால் அதே சிலிண்டர் பதினோரு நிமிடம்கூடத் தாங்காது. லிஃப்டில் நிற்கும்போது இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

போக்குவரத்து வென்டிலேட்டரில் ஐசியூவிலேயே 10 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அங்கே தாங்காதவர் வழியிலும் தாங்கமாட்டார். பீப் அதிகம் உள்ளவருக்கு மாற்றும்போது, மூச்சு உள்ளே இருக்கும் கணத்தில் ட்யூபைக் கிளாம்ப் செய்து, புதிய இணைப்பு கொடுத்து வென்டிலேட்டர் ஓடத் தொடங்கியதும் திறக்க வேண்டும். தானாக மூச்சு இழுப்பவருக்கு இதைச் செய்யாதீர்கள். கப்னோகிராஃபி (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடு அளவீடு) கடைசி வரை ஓடட்டும். குமிழி விடும் மார்பு ட்ரெயினைக் கிளாம்ப் செய்து எடுத்துப் போகக் கூடாது. பாட்டில் மார்புக்குக் கீழே இருந்தால் போதும். சிடி மேசையில் தட்டையாகப் படுக்க வேண்டியிருக்கும் என்பதால் குழாய்வழி உணவூட்டலை நிறுத்தி, வாயையும் ட்யூபையும் உறிஞ்சிவிடுங்கள்.

கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து) தேவை என்றால் முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் ஊசி. ரத்தக்குழாய் அடைப்புக்கான ஸ்கேனில் விநாடிக்கு 4 முதல் 5 மி.லி. வேகத்தில் செலுத்துவார்கள். புறங்கையில் இருக்கும் சிறிய ஊசி அதற்குத் தாங்காது, மருந்து தோலுக்கடியில் கசியும். சென்ட்ரல் லைன் வழியே என்றால் அழுத்தம் தாங்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 30-க்குக் கீழே என்றால் சிறுநீரகத்தை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். உயிர் போகும் அடைப்பு என்ற சந்தேகத்தில் அந்த எண் மட்டும் தடையாக நிற்கக் கூடாது.

கோரிக்கைத் தாளில் 'மார்பு சிடி' என்று மட்டும் எழுதி அனுப்புவது வீண். அல்ட்ராசவுண்டில் எந்த இடத்தில் என்ன தெரிந்தது, இப்போது பீப் எவ்வளவு, எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று எழுதினால் படிக்கும் ரேடியாலஜிஸ்ட் அந்த இடத்தை இரண்டு முறை பார்ப்பார்.

ஸ்கேன் அறையிலும் அதற்குப் பின்னும்

படம் எடுக்கும் முன் மேசையை முழுத் தூரம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். குழாய்கள் இழுபடும் இடம் அப்போதே தெரியும். முடிந்தால் கைகள் தலைக்கு மேலே. ஈசிஜி ஒயர்களும் உலோகக் கொக்கிகளும் படப்பகுதிக்கு வெளியே. ஸ்கேன் நடக்கும் சில விநாடி மூச்சை வெளியேற்றிய நிலையில் வென்டிலேட்டரில் நிறுத்தி வைத்தால் படம் தெளிவு. மூச்சை நிறுத்தும் பொத்தானை அழுத்துபவர் ஈய மேலங்கியும் கழுத்துக் கவசமும் போட்டுக்கொண்டு, எக்ஸ்-ரே குழாயிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நிற்கட்டும். எந்த பீப்பில், எந்த மூச்சு நிலையில் எடுத்தது என்று குறிக்காத சிடியை அடுத்த சிடியோடு ஒப்பிட முடியாது.

அளவிட்டுப் பார்க்க விரும்பினால், ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணை (சிடி படத்தில் அடர்த்தியின் அளவு) 1000-ஆல் வகுத்து மைனஸை நீக்கினால் காற்றின் பங்கு. -500 என்றால் பாதி காற்று, பாதி திசு. வழக்கமான பிரிவு: -900-க்குக் கீழே அளவுக்கு மீறி ஊதியது, -900 முதல் -500 வரை இயல்பு, -500 முதல் -100 வரை காற்று குறைந்தது, அதற்கு மேல் +100 வரை காற்றே இல்லாதது. 1980-களில் லூசியானோ கட்டினோனி குழு இப்படி அளந்துதான், கடுமையான ஏஆர்டிஎஸ்ஸில் காற்றோடு மிஞ்சும் நுரையீரல் ஐந்தாறு வயதுக் குழந்தையின் அளவே என்று கண்டது. 'பேபி லங்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. கான்ட்ராஸ்ட் கொடுத்த படத்தில் இந்த எண்களை எடுக்காதீர்கள். மருந்தே எண்ணை உயர்த்திவிடும்.

அல்ட்ராசவுண்ட் எத்தனை முறை? நிலையான நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு முழு ஸ்கேன். நிலை திடீரென மாறினால் உடனே, பன்னிரண்டையும் பார்க்காமல் முன்பக்கமும் பின்-கீழ்ப்பகுதியும் மட்டும். பீப் மாற்றம், கவிழ்த்துப் படுக்க வைத்தல், நீர் எடுத்தல் ஆகியவற்றுக்கு முன்னும் பின்னும் ஒன்று. மணிக்கொரு முறை செய்தால் ஸ்கோர் ஆடும் ஆட்டம் நோயாளியுடையதா, கையுடையதா என்று தெரியாமல் போகும்.

சிடியிலிருந்து திரும்பியதும், வழக்கமான வென்டிலேட்டரில் மாட்டி நிலைபெற்ற பிறகு, பன்னிரண்டு இடங்களையும் ஒருமுறை புதிதாகப் பாருங்கள். தட்டையாகக் கிடந்ததிலும் இணைப்பு மாற்றியதிலும் பின்பக்கம் சுருங்கியிருக்கலாம். அதை நாளைக் காலையில் கண்டு 'நோய் முற்றிவிட்டது' என்று பயப்பட வேண்டியிருக்காது. சிடி படத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே சிடி காட்டியதை எழுதுங்கள். எந்த இடத்தில் ப்ரோப் தவறவிட்டது, எந்த இடத்தில் ஜன்னலே இல்லை என்பது அந்தத் தாளில் தெரியும். அடுத்த வாரம் வரை அந்த நோயாளியின் அல்ட்ராசவுண்டைப் படிக்க அதுவே திறவுகோல்.